சந்தா நோட்டும் காணிக்கைத் தட்டும்: நீலகிரிச் சேகரம் ஒன்றில் கொடுக்கும் பழக்கம் மாறிய விதம்

பின்னணி

இந்த ஆய்வு கோத்தகிரி பக்கம் உள்ள ஒரு சேகரத்தைப் பற்றியது. சேகரம் என்பது ஒரே ஆயரின் (போதகரின்) கீழ் வரும் சபைகளின் தொகுதி. டவுனில் ஒரு தாய்ச்சபை, அதன் கீழ் மூன்று கிளைச் சபைகள். ஒன்று தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளை ஒட்டியது. இன்னொன்று இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் காலனியில் இருக்கிறது. மூன்றாவது கேரட்டும் உருளைக்கிழங்கும் மேரக்காயும் விளையும் ஒரு சிறு கிராமம். மொத்தம் 140 குடும்பங்கள் போல வரும். சபையின் பெயரையும் ஆட்களின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அந்த ஆண்டுகளில் நான் சேகரக் கமிட்டியில் உறுப்பினராக இருந்தேன். சம்பந்தப்பட்டவர்கள் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே இதை வெளியிடுகிறேன்.

மலைச் சபைகளின் பணக்கதை சமவெளிச் சபைகளின் கதையிலிருந்து கொஞ்சம் வேறு. 1846ல் பாசல் மிஷன் என்ற சுவிஸ் மிஷனரி அமைப்பு கேத்தியில் ஊழியம் தொடங்கியபோது, ஓய்வுபெற்ற நீதிபதி காசமேஜர் என்ற ஆங்கிலேயரின் ஆதரவும் பின்னால் அவர் விட்டுச்சென்ற சொத்தும்தான் அதற்குக் கைகொடுத்தன. மற்ற இடங்களிலும் கோயில் கட்டியதில் துரைமார் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் கோயிலின் மணியும் பெஞ்சுகளும் அப்படி வந்தவைதான். மூன்று தலைமுறை ஆன பிறகும் 'மிஷன் பார்த்துக்கும்' என்ற பேச்சு சபையில் ஓயவில்லை. கோயில் என்றால் மேலே எங்கோ பணம் இருக்கிறது, நாம் கட்டுவது ஒரு வரி என்ற நினைப்பு பலருக்கு இருந்தது.

காலனிச் சபையின் வரலாறு வேறு. 1964ல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் வந்த பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் கணிசமானோர் நீலகிரியில் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் அரசு டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்களை உருவாக்கியது. எதுவும் இல்லாமல் வந்த இந்தக் குடும்பங்கள் ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. லைனில் ஒரு சாவு விழுந்தால் அந்த லைனே செலவை ஏற்கும். இந்தப் பழக்கத்தைச் சபை நிர்வாகம் வெகுகாலம் கவனிக்கவே இல்லை.

கணக்கில் தெரிந்தது

2019 மே மாதப் பணியிட மாற்றத்தில் புதிய ஆயர் வந்தார். வந்த சில வாரத்திலேயே கிளைச் சபை உபதேசியாருக்கு (ஆயரின் கீழ் வேலை செய்யும் சபை ஊழியர்) இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்று தெரிந்தது. முன்பெல்லாம் இப்படி ஆனால் ஒரு ஞாயிறு மல்கியா 3ஆம் அதிகாரத்தை எடுத்து, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கச் சொல்லும் தசமபாகப் பிரசங்கம் நடக்கும். தேவனுக்குக் கொடுக்காத பணம் ஆஸ்பத்திரிக்குப் போகும் என்று பீடத்திலிருந்து சொன்னதைப் பலர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். புற்றுநோய் வந்த பெண்மணியின் குடும்பம் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறது. அந்த வார்த்தை பொய், கொடுமையும்கூட என்பது என் உறுதியான எண்ணம். அப்படிப் பிரசங்கித்த பிறகு இரண்டு வாரம் தட்டு நிறையும், மூன்றாம் வாரம் பழையபடிதான்.

புதிய ஆயர் பிரசங்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்கைக் கேட்டார். பொருளாளர் வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஐந்து வருஷ நோட்டுகளைப் பிரித்து வரவைத் தனித்தனியாக எழுதித் தந்தார். மாதச் சந்தா, ஞாயிறு காணிக்கை, நன்றிக் காணிக்கை, அறுப்பின் பண்டிகை, கல்யாணம் ஞானஸ்நானம் போன்ற காரியங்களில் வருவது என்று எல்லாம் அதில் இருந்தது. அவர் கண்டுபிடித்தவற்றில் மூன்று முக்கியம்.

வரவில் பாதிக்கு மேல் பத்துப் பன்னிரண்டு டவுன் வீடுகளிலிருந்து வந்தது. அவற்றில் ஏழெட்டு வீட்டில் பெரியவர்களுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, பிள்ளைகள் கோவையிலும் பெங்களூரிலும். இன்னும் பத்து வருஷத்தில் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சந்தாவை மாதத்தின் முதல் ஞாயிறு வசூலித்தார்கள். எஸ்டேட் சம்பளம் ஏழாம் தேதிக்கு மேல்தான் வரும். பச்சைத் தேயிலை போடும் சிறு விவசாயிக்கு ஃபேக்டரி அடுத்த மாதத்தில்தான் பட்டுவாடா செய்யும். ஆக, கையில் காசே இல்லாத ஞாயிற்றுக்கிழமை அன்று நோட்டு நீட்டப்பட்டது. பாக்கி விழுந்த பெயரைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுவார்கள். எஸ்டேட் சபைப் பக்கங்களில் சிவப்பு இல்லாத பெயரைத் தேட வேண்டியிருந்தது.

மூன்றாவது, நோட்டில் இருந்தவை எல்லாம் ஆண்களின் பெயர்கள். கொழுந்து பறித்து வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவரும் பெண்கள் கணவன் பெயருக்குள் மறைந்திருந்தார்கள். கணவன் குடித்துச் செலவழித்த மாதம் அந்தப் பெண்ணும் 'கொடுக்காதவள்' ஆனாள்.

அந்த ஆகஸ்டில் இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. தென்மேற்குப் பருவமழை அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டிய வாரம் அது. கூடலூர் பக்கம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கம்பளியும் அரிசியும் சேர்க்கிறோம் என்று ஒரு அறிவிப்பு மட்டும் கொடுத்தோம். இரண்டு நாளில் ஒரு பிக்கப் வண்டி நிறைந்தது. அதில் பாதி மூட்டைகள் சிவப்பு வட்டம் போட்ட வீடுகளிலிருந்து வந்தவை.

ஒரு அடக்கம்

2020 ஜனவரி, உறைபனிக் காலம். எஸ்டேட் சபையைச் சேர்ந்த ஒருவர் அரசு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்துச் சாவி டவுன் கோயிலில் இருக்கும். சந்தா பாக்கியைத் தீர்த்து ரசீது வாங்கினால்தான் சாவி கிடைக்கும் என்பது பல வருஷ வழக்கம். இவருக்கு 22 மாதப் பாக்கி, மாதம் 50 ரூபாய் வீதம் 1,100 ரூபாய். பொறுப்பில் இருந்தவர் நோட்டைப் பார்த்துத் தொகையைச் சொன்னார். அவர் கெட்டவர் கிடையாது, முன்னவர்கள் செய்ததையே செய்தார்.

இறந்தவரின் மனைவி ஒன்றும் பேசவில்லை. கூட வந்திருந்த லைன் வீட்டுப் பெண் ஒருவர் எழுந்து போனார். ஒரு மணி நேரத்துக்குள் கையில் ஒரு சில்வர் தூக்கோடு திரும்பி வந்து அதை ஆயர் அறை மேஜையில் கவிழ்த்தார். பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகள், சில்லறை, நடுவில் மடித்துச் சுருட்டிய ஒரு ஐந்நூறு. லைனில் இருப்பவர்கள், முக்கு டீக்கடைக்காரர், லோடு வண்டி ஓட்டும் ஒரு பாய் என்று வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் போட்ட பணம். டீக்கடைக்காரர் கோயிலுக்கே வராதவர். அந்தப் பெண் 1,100ஐ எண்ணி ஒதுக்கினார். மீதியை, இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கும், அந்த விதவையின் முந்தானையில் முடிந்துவிட்டார். பிறகு ஆயரைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, பாக்கி தீந்துருச்சு. இனி மண்ணு குடுப்பீங்களா?"

அடக்கம் நல்லபடியாக நடந்தது. மறுவாரம் கமிட்டி கூடியபோது ஆயர் வேறு எதையும் எடுக்கவில்லை. அந்தத் தூக்கில் பணம் போட்ட சபையாரின் பெயர்களைச் சந்தா நோட்டில் பார்க்கச் சொன்னார். ஏறக்குறைய எல்லாப் பெயரைச் சுற்றியும் வட்டம் இருந்தது. இவர்கள் கொடுக்கத் தெரியாதவர்கள் என்று நாம் எழுதி வைத்திருக்கிறோம், இவர்களோ ஒரு மணி நேரத்தில் மூவாயிரம் சேர்க்கிறார்கள், அப்படியானால் கோளாறு எங்கே இருக்கிறது என்றார்.

அன்றே ஒரு தீர்மானம் எழுதினோம். அடக்கத்துக்கும் சந்தாவுக்கும் இனிச் சம்பந்தம் இல்லை. இதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. மற்றவை அவ்வளவு லேசாக முடியவில்லை.

ஊரடங்கு மாதங்கள்

மார்ச் கடைசியில் கோயில் பூட்டப்பட்டது. செப்டம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டில் எல்லா வழிபாட்டுத் தலங்களும் திறந்தன. அதுவரை தட்டு இல்லை, சந்தா நோட்டும் இல்லை. மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு போவது சிரமமாக இருந்த வாரங்களில் கிராமச் சபையார் கேரட்டையும் முட்டைக்கோஸையும் சாக்கில் கட்டிக் கோயில் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். காலனி இளைஞர்கள் அதை லைன் வீடுகளில் இறக்கினார்கள். எஸ்டேட் வேலை மறுபடி தொடங்கியதும் லைனிலிருந்து டீத்தூள் பொட்டலங்கள் கிராமத்துக்குப் போயின. யாரும் அறிவிப்புக் கொடுக்கவில்லை, யாரும் கணக்கு எழுதவில்லை. ஆயர் மட்டும் என்ன எங்கிருந்து எங்கே போனது என்று பெயரில்லாமல் ஒரு நோட்டில் குறித்துவந்தார். பிறகு கமிட்டியில் அதுதான் பெரிய சாட்சியாக இருந்தது.

அந்த வருஷத்தின் பிற்பாதியில் பச்சைத் தேயிலை விலை நன்றாக ஏறியது. கோயில் திறந்த பிறகும் விவசாயிகளின் சந்தா ஏறவில்லை. காசு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் காரணம் இல்லை என்பதை இது உறுதிப்படுத்தியது.

கமிட்டியில் நடந்த வாதம்

2021 தொடக்கத்தில் அடுத்த வருஷ பட்ஜெட்டுக்காகக் கூடினோம். சந்தாவைக் கட்டாயமாக வசூலிப்பதை நிறுத்தலாமா, பெயரும் தொகையும் வாசிப்பதை நிறுத்தலாமா என்பதுதான் கேள்வி. எதிர்த்துப் பேசியவர்களின் வாதம் வலுவாகவே இருந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர், "பேரு வாசிக்கிறதாலதான் நாலு பேராவது கொடுக்கிறான். அதையும் எடுத்துட்டா உபதேசியாருக்கு யாரு சம்பளம் போடுவா?" என்றார். அவருடைய அப்பா கட்டிட நிதிக்குக் கொடுத்த தொகை ஒருகாலத்தில் அந்தப் பீடத்திலிருந்து வாசிக்கப்பட்டது. அது அவர் குடும்பத்துக்குப் பெருமை மட்டும் இல்லை, சபையோடு இருந்த உறவே அதில்தான் இருந்தது. அவரைப் புகழுக்கு ஆசைப்படுகிறவர் என்று ஒதுக்கிவிட முடியாது.

எஸ்டேட் சபையிலிருந்து வந்த பெண் உறுப்பினர் சொன்னது வேறு. நன்றிக் காணிக்கைப் பட்டியலில் ஐயாயிரம், மூவாயிரம் என்று வாசித்துக்கொண்டே வந்து, கடைசியில் தன் பெயரும் இருபது ரூபாயும் வரும்போது தலையைக் குனிந்துகொள்வாராம். அதனால் இரண்டு வருஷமாகக் காணிக்கைக் கவர் போடுவதையே விட்டுவிட்டார். "கொடுக்க மனசு இருக்கு ஐயா, வாசிக்கிறதக் கேக்கத்தான் தெம்பு இல்ல."

ஏழை விதவையின் இரண்டு காசை இயேசு பார்த்துச் சொன்னார் என்பதை (மாற்கு 12) நாங்கள் எல்லாரும் ஓய்வுநாள் பள்ளியில் படித்தவர்கள்தான். அந்த விதவை எங்கள் சபைக்கு வந்திருந்தால் அவள் பெயர் பட்டியலின் அடியில் வாசிக்கப்பட்டிருக்கும். இதை ஆயர் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2021 ஏப்ரலில் இவை நடைமுறைக்கு வந்தன.

நன்றிக் காணிக்கையில் நன்றிக்கான காரணம் மட்டும் வாசிக்கப்படும். விருப்பம் இருந்தால் பெயர், ஆனால் தொகை கிடையாது. மகனுக்கு வேலை கிடைத்தது, மாடு கன்று போட்டது, ஆப்பரேஷன் நல்லபடி முடிந்தது. இவற்றைக் கேட்டு சபை நன்றி சொல்லட்டும் என்பதுதான் நோக்கம். வருஷ அறிக்கையில் குடும்பவாரியாகத் தொகை அச்சிடுவதும் நின்றது. அதற்குப் பதில் ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்குச் சீட்டு தனியாகத் தரப்பட்டது.

சந்தாவை முழுதாக எடுக்க முடியவில்லை. சபைத் தேர்தலின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கச் சந்தா வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம், ஒரு சேகரம் அதை மாற்ற முடியாது. எனவே சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் சந்தாவாக வைத்தோம். அதற்கு மேல் கொடுப்பது அவரவர் மனதில் நியமித்தபடி என்று 2 கொரிந்தியர் 9ஐக் காட்டி அறிவித்தோம். சிவப்பு வட்டம் போடுவது ஒழிந்தது.

தனிக் கவர் யார் கேட்டாலும் கொடுக்கப்படும், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். இந்த ஒரு முடிவுக்கு நாங்கள் நினைக்காத அளவு எதிர்ப்பு வந்தது. 'என் வீட்டுக் கவர் ஒன்று போதும்' என்று சில ஆண்கள் கோபப்பட்டார்கள். ஒருவர் மனைவியின் கவரைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஆயர் அவரோடு வாதாடவில்லை. அந்தக் கவரை அடுத்த மாதம் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வழியாக மறுபடி அந்த அம்மாவிடமே கொடுத்தார்கள்.

மாதக் காணிக்கை ஞாயிறு முதலாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறியது. வருமானம் வருவதற்குத் தக்கபடி எடுத்து வைக்கச் சொல்லும் 1 கொரிந்தியர் 16தான் இதற்கு ஆதாரம். இது செலவே இல்லாத மாற்றம், பலன் மட்டும் உடனே தெரிந்தது.

பணம் எண்ணுவது இரண்டு பேர், மாதாமாதம் வேறு வேறு சபையிலிருந்து. திங்கட்கிழமை வங்கியில் கட்டிவிட வேண்டும். மாதக் கணக்கு ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், நான்கு கோயில் வாசலிலும் ஒட்டப்படும். எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தில் ஒருவரும் தன்னைக் குறை சொல்லாதபடி பவுல் வேறு சகோதரர்களையும் கூட அனுப்பினார் (2 கொரிந்தியர் 8). அப்போஸ்தலருக்கே அது தேவைப்பட்டது என்றால் நமக்கு ஏன் கூடாது என்றார் பொருளாளர். கூகுள் பே வந்தபோதும் தனியாள் எண்ணுக்குப் பணம் போகக் கூடாது, சேகரத்தின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும் என்று அவர்தான் பிடிவாதமாக நின்றார்.

கடைசி முடிவுதான் பெரியது. வருகிற வரவில் பத்தில் ஒரு பங்கை முதலில் எடுத்து வெளியே கொடுப்பது. சபையாருக்கு மட்டும் இல்லை, அந்த வட்டாரத்தில் யாருக்குத் தேவையோ அவர்களுக்கு. உபதேசியாருக்கே பாக்கி இருக்கும்போது இது எப்படி என்று பலர் கேட்டார்கள். மக்களைத் தசமபாகம் கேட்கும் சபை, தான் தசமபாகம் கொடுக்காமல் இருப்பது சரியா என்பது ஆயரின் பதில். ஒரு வருஷம் செய்து பார்ப்போம் என்ற நிபந்தனையோடு தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

பிரசங்கம் அதற்குப் பிறகுதான். மக்கெதோனியா சபையார் கொடிய வறுமையிலும் தாராளமாய்க் கொடுத்த 2 கொரிந்தியர் 8ஐ ஆயர் முதலில் பிரசங்கித்தது டவுன் கோயிலில் இல்லை. எஸ்டேட் சபையில். இது உங்களுக்குச் சொல்லும் அறிவுரை இல்லை, உங்களைப் பற்றி எழுதியது என்று சொல்லித்தான் தொடங்கினார்.

முதல் வருஷம்

வரவு குறைந்தது. முதல் மூன்று மாதம் நன்றிக் காணிக்கை நன்றாகவே இறங்கியது. இரண்டு டவுன் குடும்பங்கள் கொடுப்பதை நிறுத்தின. அதில் ஒன்று சில மாதத்தில் திரும்பி வந்தது, மற்றது வேறு சபைக்குப் போய்விட்டது. ஜூலையில் உபதேசியார் சம்பளம் மறுபடி தள்ளிப்போனது. ஆயர் தன் சம்பளத்தைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அவருக்கு முதலில் கொடுக்க வைத்தார். பத்தில் ஒரு பங்கை நிறுத்திவிடலாம் என்ற பேச்சு அந்த மாதம் பலமாக எழுந்தது. பொருளாளர் கவர் எண்ணிக்கையைக் காட்டினார். தொகை இறங்கியிருந்தாலும் கொடுக்கிறவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. எஸ்டேட் சபையிலும் காலனியிலும் முன்பு இல்லாத பெயர்கள், பெரும்பாலும் பெண்களின் பெயர்கள். இன்னும் ஆறு மாதம் பொறுக்கலாம் என்று முடிவானது.

நவம்பர் மழை

2021ன் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்கவே கடுமையாக இருந்தது. நவம்பரில் ஒரு இரவு காலனிக்கு மேலே இருந்த வீட்டின் தடுப்புச் சுவர் சரிந்து, அடுப்படியோடு பாதி வீட்டைக் கொண்டுபோனது. உள்ளே படுத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். அந்தக் குடும்பம் எங்கள் சபையைச் சேர்ந்தது இல்லை, மாரியம்மன் கோயில் பூசாரியின் உறவினர்கள். ஒதுக்கி வைத்த பணம் வங்கியில் இருந்தது. மூன்று பேர் கொண்ட சிறு குழு அன்று மாலையே முடிவெடுத்து மணலும் கல்லும் சிமெண்டும் கடைக்காரரிடம் நேராகப் பணம் கட்டி இறக்கியது. காலனி வாலிபர்கள் இரண்டு சனிக்கிழமை மண் சுமந்தார்கள். பூசாரி வீட்டிலிருந்து அவர்களுக்குச் சாப்பாடு வந்தது.

மாதக் கணக்குத் தாளில் 'சுவர் கட்ட, வெளியார் குடும்பம்' என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அந்தத் தாளைக் கோயில் வாசலில் நின்று படித்தவர்கள் அதற்கு முன் கணக்கைத் திரும்பிப் பார்க்காதவர்கள். டிசம்பர் மாதக் கவர்கள் அந்த வருஷத்திலேயே அதிகம். கிறிஸ்துமஸ் மாதம் என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் ஜனவரியிலும் அது இறங்கவில்லை.

பிடி அரிசியும் ஏலமும்

காலனிப் பெண்கள் பிடி அரிசியை மறுபடி தொடங்க விரும்பினார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்து மாதக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவரும் பழைய வழக்கம். முன்பு அதை ஏலம் விட்டுப் பணமாக்குவார்கள். இப்போது லைனிலும் காலனியிலும் பலர் சமைப்பது ரேஷன் அரிசி. அதை விற்பது சட்டப்படி குற்றம். எனவே விற்பது கிடையாது, சமைத்துத்தான் கொடுப்பது என்று ஆனது. அரசு ஆஸ்பத்திரியில் நோயாளியோடு தங்கியிருப்பவர்களுக்கு மாதம் ஒரு நாள் சாப்பாடு. ரேஷன் அரிசியைத் தனி மூட்டையில் போட்டுப் பிறருக்குத் தள்ளிவிடும் யோசனையும் வந்தது. சங்கத்தின் தலைவி ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம வீட்ல எது வேகுதோ அதுதான். அதையே நல்லா வேக வச்சுக் குடுப்போம்" என்றார். டவுன் சபைப் பெண்கள் சிலர் பொன்னி அரிசி கொண்டுவந்து அதே அண்டாவில் கலந்தார்கள். நான்கு சபைப் பெண்களும் ஒன்றாக நின்று வேலை செய்த முதல் இடம் அந்த அடுப்படிதான் என்று நினைக்கிறேன்.

அறுப்பின் பண்டிகை ஏலம் வேறு பிரச்சினை. முதற்பலனாக வந்த பூசணிக்காயை மூவாயிரத்துக்கு ஒருவர் ஏலம் எடுப்பார், கொண்டுவந்தவர் ஓரமாக நின்று பார்ப்பார். ஏலத்தை நிறுத்தினால் பண்டிகையின் சந்தோஷமே போய்விடும் என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. அதனால் கேக், சேவல், பூண்டு மாலை மாதிரி சிலவற்றை மட்டும் ஏலத்தில் வைத்துவிட்டு, மற்றக் காய்கறிகளைக் கடைவிலைக்கு எடை போட்டு விற்றோம். லைன் வீட்டுப் பெண்கள் பையோடு வந்து வாங்கினார்கள். மொத்த வரவில் பாதி வெளி உதவிக்கு. ஏலத் தொகை முந்தின வருஷத்தைவிடக் குறைவுதான், பண்டிகைக்கு வந்த கூட்டம் அதிகம்.

பிறகு நடந்தது

2022–23ல் வரவு பழைய அளவைத் தாண்டியது. அடுத்த வருஷமும் கொஞ்சம் ஏறியது. பெரிய ஏற்றம் என்று சொல்ல மாட்டேன். உபதேசியார் சம்பளம் பாக்கி இல்லாமல் போகிறது. பத்துப் பன்னிரண்டு வீடுகளின் பங்கு பாதிக்குக் கீழே வந்துவிட்டது. என்னைக் கேட்டால் இந்த ஆய்வில் முக்கியமான எண் அதுதான். சபை நாலு பெரிய மனிதர்களின் தோளிலிருந்து இறங்கி எல்லாருடைய கைக்கும் வந்திருக்கிறது.

எதிர்த்துப் பேசிய மூத்த உறுப்பினர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தொடர்ந்து கொடுக்கிறார், பெயர் வாசிப்பது தப்பில்லை என்று இன்றும் சொல்கிறார். அவரோடு நல்ல உறவு இருக்கிறது.

வெளி உதவி நிதியில் ஒரு சண்டை நடந்தது. குடிக்கும் கணவன் இருக்கும் வீட்டுக்கு உதவலாமா என்பது கேள்வி. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை நேராகப் பள்ளியில் கட்டுவது, மருந்தை நேராகக் கடையில் வாங்குவது, கையில் பணம் கொடுப்பதில்லை என்று விதி செய்தோம். அந்த விதியும் எல்லா நேரமும் சரியாக வராது. கையில் பணம் வேண்டிய அவசரங்கள் உண்டு. அவசரத்துக்கு மட்டும் ஒரு சிறு தொகையை, கிளைச் சபைப் பெண் ஒருவரும் உள்ள குழுவின் முடிவுக்கு விட்டிருக்கிறோம்.

தொலைக்காட்சி ஊழியங்களுக்கு 'விதைக் காணிக்கை' அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆயிரம் விதைத்தால் நூறு மடங்கு என்று நம்பிக் கடன் வாங்கி அனுப்பிய குடும்பத்தையும் பார்த்தோம். அதைப் பற்றி ஆயர் வீடு வீடாகப் பேசினார், பீடத்தில் பேசவில்லை. பலன் கலவையாகத்தான் இருந்தது.

இனி வேறுவிதமாகச் செய்ய வேண்டியவை

இதேபோல் தொடங்க நினைக்கும் சேகரங்கள் முதலில் ஊழியர் சம்பளத்துக்கு மூன்று மாதக் கையிருப்பு வைத்துக்கொள்வது நல்லது. முதல் வருஷம் வரவு இறங்கும், அதன் பாரம் உபதேசியார் தலையில் விழக் கூடாது.

பெயர் வாசிப்பை நிறுத்துமுன் பெரிய தொகை கொடுத்துவரும் வீடுகளுக்குப் போய்ப் பேச வேண்டும். எங்கள் சேகரத்தில் அறிவிப்பு முதலில் வந்தது, பேச்சு பிறகு வந்தது. வேறு சபைக்குப் போன குடும்பத்தின் மனத்தாங்கல் அதில்தான் தொடங்கியது.

தனிக் கவர் விஷயத்தில் பெண்களிடம் மட்டும் பேசினால் போதாது, ஆண்கள் கூட்டத்திலும் அதை எடுக்க வேண்டும். கவர் வாங்கியதால் வீட்டில் திட்டு வாங்கிய பெண்கள் இருக்கிறார்கள்.

முடிவுகளை மினிட் புத்தகத்தில் எழுதுவதோடு நில்லாமல் ஆயர் மாறும்போது கையளிக்கும் குறிப்பிலும் சேர்க்க வேண்டும். 2024 மே மாதம் எங்கள் ஆயர் மாறிப்போனார். புதியவர் தன் பழைய சபை வழக்கப்படி ஒரு ஞாயிறு தொகையோடு பட்டியல் வாசித்தார். ஆராதனை முடிந்ததும் தூக்கில் பணம் சேர்த்த அதே பெண், இப்போது கமிட்டி உறுப்பினர், அவரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து வாசிக்கவில்லை. ஆனால் இது ஒருவர் போய்ச் சொல்லும் தைரியத்தை நம்பி இருக்கக் கூடாது.

வாக்காளர் பட்டியலைச் சந்தாவிலிருந்து பிரிக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு ஒரு மனு அனுப்பியிருக்கிறோம். குறைந்தபட்சத் தொகையையும் கட்ட முடியாத முதியவர்கள் லைனில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சபையில் வாக்கு இல்லை. மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை, அடுத்த தேர்தலுக்கு முன் மறுபடி அனுப்புவதாகத் தீர்மானம் இருக்கிறது.